நடந்து முடித்த கையோடு பி.பி. பார்க்கலாமா?

கோவை ரேஸ் கோர்ஸில் காலையில் நடக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள். நடைபாதை ஓரத்தில் ஒரு மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பி.பி. மெஷின், சர்க்கரை பார்க்கும் குச்சி டப்பா. போன தைமாதம் என் தாய்மாமா, தன் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வயது 62, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, ஆறு வருடமாக பிரஷர் மாத்திரை. இரண்டு சுற்று வேகமாக நடந்து, மூச்சு வாங்க வந்து கையை நீட்டியிருக்கிறார். மெஷின் காட்டியது 172/84. மேசைக்காரர் உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். அந்த உதட்டுப் பிதுக்கல் போதும், மறுநாள் முதல் மாமா நடப்பதை நிறுத்திவிட்டார்.

“நடந்தா ஏறுதல்லோ மாப்ள, அப்புறம் எதுக்கு அந்த வம்பு?” என்றார் போனில்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிரஷர் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்கிறார், நடந்தால் ஏறுகிறது, ஆகவே நடக்கக்கூடாது. இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று அவருக்குச் சொல்லப் போய்த்தான் நானே பல விஷயங்களைத் தேடிப் படிக்க வேண்டி வந்தது.

மாமாவுக்கு உடம்பைவிட மோட்டார் நன்றாகப் புரியும் என்பதால் அங்கிருந்து தொடங்கினேன். சொட்டு நீர் போட்ட தோப்பில் ஒரே ஒரு கேட் வால்வைத் திறந்து வைத்து மோட்டாரைப் போட்டால், ஃபில்டர் மேலிருக்கும் கேஜில் முள் எகிறும். நாலு வால்வையும் திறந்துவிட்டால் தண்ணீர் நிறைய ஓடும், ஆனால் முள் இறங்கிவிடும். கேஜ் காட்டுவது தண்ணீரின் அளவை மட்டும் வைத்து அல்ல. எவ்வளவு தண்ணீர் தள்ளப்படுகிறது, போகிற வழி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, இரண்டும் சேர்ந்ததுதான் அந்த முள். ரத்த அழுத்தமும் அதே கணக்குதான். இதயம் தள்ளும் ரத்தம் ஒரு பக்கம், ரத்தக் குழாய்கள் காட்டும் தடை மறு பக்கம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. வேகமாக நடக்கும்போது, படியேறும்போது அது 10, 15 லிட்டர் என்று போகும். வழி அப்படியே இருந்தால் இவ்வளவு ஓட்டத்தில் குழாய் வெடித்துவிட வேண்டும். வெடிப்பதில்லை, ஏனென்றால் அதே நேரத்தில் கால் தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய தமனிகள் அகலமாகத் திறந்துகொள்கின்றன. ஓய்வில் மொத்த ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட தசைகளுக்குப் போகாது. கடுமையாக உழைக்கும்போது ஐந்தில் நாலு பங்கு அங்கேதான் போகிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற வால்வுகளை உடம்பு அந்த நேரத்துக்குச் சற்று மூடி வைக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிறு பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால் மேல் அளவும் கீழ் அளவும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மேல் அளவு என்பது இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் நொடியில் வரும் உச்சம். தள்ளும் வேகம் கூடுவதால் அது ஏறும். கீழ் அளவு இரண்டு துடிப்புகளுக்கு இடையில், ரத்தம் வடிந்து போகும்போது மிஞ்சி நிற்கும் அழுத்தம். வால்வுகள் திறந்துகிடப்பதால் ரத்தம் சுலபமாக வடிந்துவிடுகிறது. ஆகவே அது இருந்த இடத்திலேயே நிற்கும், சிலருக்குக் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யும். மாமாவின் 172/84-ஐ இந்தக் கண்ணால் திரும்பப் பாருங்கள். மேல் அளவு ஏறியிருக்கிறது, கீழ் அளவு அசையவில்லை. பாடப் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே நடந்திருக்கிறது.

எவ்வளவு ஏறலாம் என்பதற்கும் ஒரு நாட்டுக் கணக்கு உண்டு. உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை ஒரு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கூடுகிற ஒவ்வொரு மடங்குக்கும் மேல் அளவு சுமார் 10 மில்லிமீட்டர், அதாவது மெஷின் காட்டும் எண்ணில் 10, ஏறும். வேகமான நடை நாலு மடங்கு, கொஞ்சம் வீச்சாக நடந்தால் ஐந்து. ஓய்வில் 120 உள்ளவர் அதில் 150, 160-ஐத் தொடுவார். மருதமலையில் எண்ணூற்றுச் சொச்சம் படியை நிற்காமல் ஏறினால் இன்னும் மேலே போகும். ஓய்விலேயே 130-க்குச் சற்று மேலே இருக்கும் மாமா வேகநடையில் 172-க்குப் போனதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அதற்காக எவ்வளவு ஏறினாலும் சரி என்று அர்த்தமில்லை. டிரெட்மில் டெஸ்ட் எடுக்கும்போது பட்டையைக் கையில் கட்டிவைத்து இடையிடையே அளப்பது இதற்காகத்தான். உச்சத்தில் ஆண்களுக்கு 210, பெண்களுக்கு 190-ஐத் தாண்டினால் மிகையான ஏற்றம் என்று குறித்துவைக்கிறார்கள். அப்படி ஏறுகிறவர்களுக்கு, ஓய்வில் எல்லாம் சரியாக இருந்தாலும், பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேல் அளவு 250-ஐயோ கீழ் அளவு 115-ஐயோ தாண்டினால் டெஸ்டையே நிறுத்திவிடுவார்கள்.

ஏறுவதைவிட டாக்டர்களை அதிகம் கவலைப்பட வைப்பது ஒன்று இருக்கிறது. வேகம் கூடக்கூட மேல் அளவு ஏறாமல் இறங்கினால், கேட்கிற அளவுக்கு இதயத்தால் தள்ள முடியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். மோட்டார் திணறுகிறது. நடந்தால் ஏறுகிறதே என்று பயந்த மாமா, ஏறாமல் இருந்திருந்தால்தான் உண்மையில் பயந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற அசைந்துகொண்டே இருக்கும் வேலைகளுக்கான கதை. பாரம் தூக்குவது வேறு கதை. தசை இறுகி அப்படியே நிற்கும்போது உள்ளே இருக்கும் குழாய்களை அதுவே நசுக்குகிறது. வால்வைத் திறப்பதற்குப் பதில் மூடுகிறோம், மோட்டாரையும் முடுக்குகிறோம். அப்போது மேல் அளவோடு கீழ் அளவும் சேர்ந்து ஏறும். இதற்கு மேல் நம் ஆட்கள் ஒன்று செய்வார்கள், தம் கட்டுவது. ஈரோட்டில் மஞ்சள் மூட்டை தூக்குகிறவரும் சரி, தறிக் குடோனில் பாவு பீம் தூக்குகிறவரும் சரி, மூச்சை இழுத்து அடக்கி ‘ம்’ என்றுதான் தூக்குவார்கள். நெஞ்சுக்குள் அடைத்த காற்றின் அழுத்தமும் ரத்தத்தின் மேல் ஏறிக்கொள்ளும்.

எவ்வளவு ஏறும் என்று 1985-ல் கனடாவில் நேரடியாகவே அளந்து பார்த்தார்கள். கைத் தமனிக்குள் குழாய் விட்டு, ஐந்து பாடி பில்டர்களைக் காலால் பாரம் தள்ளச் சொன்னார்கள். சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. முதல் தடவை படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். சில நொடிகளுக்கு மட்டும் வருவது, பழகிய இளம் உடம்புகள் என்பதால் தாங்கிக்கொண்டார்கள். கட்டுப்படாத பிரஷர் உள்ள ஐம்பது வயதுக்காரர் ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே தம் கட்டித் தூக்குவது ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. எடை குறைவாக, எண்ணிக்கை அதிகமாக, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டு செய்தால் அந்த உச்சம் வராது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. சுவரில் முதுகை ஒட்டி, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்வது போல நிற்கிறோமே, அதுபோன்ற அசையாப் பயிற்சிகள் செய்யும்போது அழுத்தத்தை ஏற்றும். ஆனால் வாரக்கணக்கில் செய்து வந்தால் ஓய்வில் இருக்கும் அளவை இறக்குகின்றன. 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியான அலசலில், எல்லா வகைப் பயிற்சிகளையும்விட இவைதான் ஓய்வு அழுத்தத்தை அதிகம் குறைத்தன. மேல் அளவில் சுமார் 8, கீழ் அளவில் 4. நடை, ஓட்டம் போன்றவை மேல் அளவில் நாலரை வரை குறைத்தன. இதைப் படித்துவிட்டு நடையை விட்டுவிட்டு சுவரோடு ஒட்டிக்கொள்ளத் தேவையில்லை. சர்க்கரை, எடை, தூக்கம் என்று நடைக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன.

சரி, நடந்து முடித்த பிறகு என்ன ஆகும்? நின்ற சில நிமிடங்களிலேயே மேல் அளவு மளமளவென்று இறங்கும். திறந்த வால்வுகள் உடனே மூடிக்கொள்வதில்லை என்பதால், பழைய இடத்தோடு நிற்காமல் அதற்கும் கீழே போகும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்த இறக்கம் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்கக்கூட நீடிக்கும். தினமும் நடப்பவருக்குக் கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதி இதுதான்.

இதே இறக்கம்தான் திடீரென்று நிற்பவரைத் தள்ளாட வைப்பதும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன. சட்டென்று நின்றால் அந்தப் பிழிதல் நின்றுபோய் ரத்தம் காலிலேயே தேங்கும். கோயில் படியேறி முடித்ததும் வரிசையில் அசையாமல் நிற்கிறவருக்குக் கண் இருட்டுவது இதனால்தான். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். சிறுநீர் அதிகம் போகவைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சித்திரை வெயிலில் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். துடிப்பைக் குறைக்கும் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, எவ்வளவு வேகமாக நடந்தாலும் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு மற்றவர்களுக்கு ஏறுகிற அளவுக்கு ஏறாது. அவர்கள் துடிப்பை வைத்து வேகத்தை அளக்காமல், நடந்துகொண்டே பேச முடிகிறதா என்று பார்ப்பது நல்லது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

ஆக, நடந்து முடித்த கையோடு அளந்தால் கூடுதலாகக் காட்டும். முக்கால் மணி நேரம் கழித்து அளந்தால் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். ஒன்று வீணாகப் பயமுறுத்தும், இன்னொன்று வீணாக நிம்மதி தரும்.

மெஷின் வேலை செய்கிற விதமும் இதில் சேர்த்தி. 1896-ல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கையில் பட்டை கட்டி, காற்றடித்து நாடியை நிறுத்திப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். மேல் அளவு மட்டும் அதில் கிடைத்தது. 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, பட்டையைத் தளர்த்தும்போது எழும் சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே மறைகிறது என்று கேட்டு இரண்டு அளவுகளையும் பிடித்தார். நம் வீட்டு மெஷினுக்குக் காது கிடையாது. பட்டைக்குள் இருக்கும் காற்று ரத்தத் துடிப்பால் எப்படி அதிர்கிறது என்று பார்த்து, அதிர்வு உச்சமாக இருக்கும் இடத்தை வைத்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. கை ஆடினால், மூச்சு இரைத்தால், துடிப்பு தாறுமாறாக இருந்தால் அந்தக் கணக்கு தவறும். மாமாவின் 172-லேயே எவ்வளவு நிஜம், எவ்வளவு இரைப்பு என்று யாருக்குத் தெரியும்?

வீட்டில் அளப்பதற்குப் புத்தகத்தில் சொன்ன முறை எளிமையானதுதான். ஆனால் எங்கள் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். அமுச்சி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்கைக்கு மேல் ஜாக்கெட் கை மேலேயே பட்டையைக் கட்டச் சொல்லி, கையை மடியில் போட்டுக்கொண்டு, சீரியலைப் பார்த்தபடி மருமகளைத் திட்டிக்கொண்டே அளந்துகொள்வார். இதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக அளவைக் கெடுக்கும். கையை மேசை மேல் இதய மட்டத்தில் தாங்கி வைக்காமல் மடியில் வைத்தால் மேல் அளவு சுமார் 4 கூடும், தொங்கவிட்டால் 6-க்கு மேல் கூடும் என்று 2024-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு காட்டியது. பேசிக்கொண்டே அளந்தால் 10 வரைகூட ஏறும். நிறைந்த மூத்திரப்பையும் ஏற்றும்.

எல்லாவற்றிலும் மோசம் பட்டையின் அளவு. பருத்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் அளவு சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது என்கிறது 2023-ல் வந்த இன்னொரு ஆய்வு. இல்லாத பிரஷருக்கு மாத்திரை சாப்பிட இது போதும். மெஷின் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், ஒரு டேப்பை எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவைப் பார்த்துவிட்டுப் போங்கள். பட்டையின் மேலேயே எத்தனை சென்டிமீட்டர் கைக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். மணிக்கட்டு மெஷின் வேண்டாம் என்பது என் கருத்து. மணிக்கட்டை இதய மட்டத்துக்குத் தூக்கி வைக்க யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, மாத்திரைக்கும் டீக்கும் நடைக்கும் முன்னால், முதுகு சாயும் நாற்காலியில் கால் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். வெற்றுக் கையில் பட்டையைக் கட்டி, ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை அளக்க வேண்டும். சாயங்காலமும் அதே போல. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மிச்ச நாட்களின் சராசரியைப் பார்க்க வேண்டும். பேக்கரி டீயோ சுருட்டோ நடையோ எதுவானாலும் அளப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் கூடாது. முதல் தடவை மட்டும் இரண்டு கையிலும் அளந்து, எது கூடுதலோ அந்தக் கையையே அப்புறம் பிடித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் 10-க்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் எடுத்த சராசரிக்கு வரம்பு 135/85. ஆஸ்பத்திரியில் 140/90. இரண்டும் ஏன் வேறு என்று மாமா கேட்டார். டாக்டரைப் பார்த்ததும் பலருக்குக் கொஞ்சம் ஏறும், அதைக் கழித்துத்தான் வீட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அங்கே மட்டும் நிறைய ஏறும், வீட்டில் சரியாக இருக்கும். இன்னும் சிலர் நேர்மாறு, டாக்டர் முன்னால் 128, வீட்டிலும் வேலையிடத்திலும் 145. இந்த இரண்டாவது ரகம்தான் ஆபத்து, வீட்டில் அளக்காவிட்டால் தெரியவே தெரியாது. திருப்பூர் கம்பெனிகளில் நைட் ஷிப்டும் டீயுமாக ஓடுகிற நாற்பது வயதுக்காரர்களில் எத்தனை பேர் இப்படியிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் வரும்போது காட்டுக்குள் வேலையாக இருந்துவிட்டு ஓடி வந்து கையை நீட்டாதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நீட்டுங்கள்.

எண்ணைவிட உடம்பு சொல்வதற்கு மதிப்பு அதிகமாகும் நேரமும் உண்டு. நடக்கும்போது நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தினால், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வழக்கமில்லாத மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால், ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போனால், மெஷினைத் தேடி நேரத்தை வீணாக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மெஷின் 124/78 காட்டினாலும் அந்த நெஞ்சுவலி பொய்யாகிவிடாது. ஓய்விலேயே 180/110-ஐத் தாண்டி நிற்கிறவர்கள், அது இறங்கும் வரை கடினமான பயிற்சி எதையும் தொடாமல் இருக்க வேண்டும். ஏழு மலை தாண்டும் வெள்ளியங்கிரிக்கு, இதய நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை ஒவ்வொரு சீசனிலும் சொல்கிறது. அது ரேஸ் கோர்ஸ் நடையல்ல. விடிய விடியச் செங்குத்தாக ஏறி, குளிரில் நின்று, தூக்கமில்லாமல் இறங்குவது.

மாமா ஏழு நாள் எழுதினார். பால் சொசைட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில், கறவைக் கணக்குக்குப் பக்கத்திலேயே. சராசரி 133/80. டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றவில்லை. நடக்கச் சொன்னார், வேகமாகவே. இப்போது தோப்பைச் சுற்றி நாற்பது நிமிடம். பங்குனியில் சென்னிமலைப் படி ஏற வேண்டும் என்கிறார்.

“படி ஆயிரத்து முந்நூத்துக்கு மேல இருக்குதுங்க மாமா, நின்னு நின்னுதான் ஏறோணும்” என்றேன்.

“ஏறிக்கலாம் மாப்ள. மேல போயி அந்த மெஷின மட்டும் எடுத்து நீட்டாத.”